தீனி டாக்டரின் தெளிந்த குப்பிகள்

ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்குத் தீனி டாக்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இருபது வருஷத்தில் அது முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. புற்றுநோய்ச் செல் எதைத் தின்று இப்படிக் கொழுக்கிறது, எதை நிறுத்தினால் சுருளும் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. மற்றவர்கள் நோயை எதைக் கொண்டு அடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்க, இவள் அதன் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட என் மண்டையிலேயே ஏறிய விஷயம் இது. உங்களுக்கு ஏறாமல் போகுமா?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் பதினோரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். அதில் சொன்னது ஒரே சங்கதி. செல்கள் வளர்வதற்குக் குப்பியில் இளஞ்சிவப்பு நிறத்தில் சத்துநீர் ஊற்றுவார்கள். அதில் சர்க்கரை இருக்கும், உப்பு இருக்கும், ஆர்ஜினைன் என்று ஒரு சத்தும் இருக்கும். நல்ல குடல் செல் அந்த ஆர்ஜினைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறது. ஒரு வகைக் குடல் புற்றுச் செல் மட்டும் ஒரே நாளில் அதை வழித்து நக்கிவிடுகிறது என்று அளந்து காட்டினாள். அதைக் கிடைக்காமல் செய்தால் நோயைப் பட்டினி போட்டே சாகடிக்கலாம் என்று முடித்திருந்தாள்.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அதற்கு மேற்கோள் என்று பெயர். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள். அந்தக் கட்டடத்தில் வேறு யாருடைய கட்டுரையும் முந்நூறைத் தாண்டியதில்லை. அவளை எங்கே அழைத்தாலும் அந்தக் கட்டுரைக்காகத்தான் அழைத்தார்கள். துறைத் தலைவர் பதவிக்கு அவள் பெயர் போனதும் அதனால்தான். அதை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது சராசரியான முப்பது கட்டுரைகளும் வலிக்கிற கழுத்தும்தான்.

அவளைப் படிக்கவைத்த அண்ணன் ரேடியேட்டர் கடைக்காரர். ஒற்றைப் பற்றவைப்புக் கருவியோடு தெருவோரத்தில் உட்கார்ந்து மூன்று கடை போட்ட மனிதர். அவர் கை வைத்த ரேடியேட்டர் ஒழுகியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி உறையில் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். மாதம் முதல் தேதி தவறாமல் போன் செய்வார். "ஸ்கோர் என்ன?" என்பார். அவள் மேற்கோள் எண்ணைச் சொல்வாள். "அப்படிப் போடு!" என்று வைத்துவிடுவார்.

இனி அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். வினை அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு குப்பியிலும் கிருமி வராமலிருக்க இரண்டு சொட்டு மருந்து விடுவாள். காலையில் வந்ததும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கலங்கியிருந்தால் கொட்டுவாள். தெளிந்திருந்தால் வைத்துக்கொள்வாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். அவளும் பிறருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள்.

போன வருஷம் வேறொரு கூடத்தார் அந்தப் புற்றுச் செல்லில் ஒரு குப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். வெளியே அனுப்பும் செல்லைக் கிருமிச் சோதனை செய்துதான் அனுப்ப வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. செல்களை உறையவைத்துச் சேமிக்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் குடுவைக்காரர் அந்தச் சோதனையைச் செய்தார். அவளை விடப் பத்து வயது மூத்தவர். செல்களைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

"என்ன, குளிர்பெட்டி மறுபடியும் படுத்துடுச்சா?"

"பெட்டி ஜோராத்தான் இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்குத்தான் வயித்துல பூச்சி."

சோதனைப் பலகையில் கோடே இருக்கக் கூடாத இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு. மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருக்கிறது. மற்றக் கிருமிகளுக்குத் தோல் போல ஒரு சுவர் உண்டு. அவள் விட்ட மருந்து அந்தச் சுவரைத்தான் இடிக்கும். இதற்குச் சுவரே கிடையாது. மருந்தில் சாகாது, தண்ணீரையும் கலக்காது. குப்பி கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும், உள்ளே கோடிக்கணக்கில் குடியிருக்கும்.

"இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கும்," என்றாள்.

"இருக்கலாம்மா. பழசையும் எடுத்துப் பாத்துடலாமா?"

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழிந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய குப்பிகளில் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது. கட்டுரைக்குப் பயன்பட்ட அதே குப்பிகள். மூன்றை எடுத்தார்கள். மூன்றிலும் கோடு. ஒப்பிடுவதற்கு வளர்த்த நல்ல குடல் செல் வேறு பெட்டியில் தனியாக வளர்ந்தது. அதில் கோடு இல்லை.

குடுவைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழுவாள், அல்லது தன்னைத் திட்டுவாள் என்று தயாராக நின்றார். அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள், கை கழுவினாள், சுவரில் தொங்கிய தாளில் தேதியும் நேரமும் எழுதினாள். நெஞ்சு படபடக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. கன்னம் இருக்கிறது, தன்னுடையதாகத்தான் இல்லை.

அந்தக் கிருமியில் சில வகைக்கு ஆர்ஜினைன்தான் முக்கியமான தீனி. அது அவளுக்குத் தெரியும். பாடப் புத்தகத்திலேயே இருப்பதுதான்.

இரண்டு வாரம் வேறு மருந்து விட்டுக் கிருமியை ஒழித்தார்கள். சுத்தமான செல்லை வைத்துப் பழைய சோதனையை முதலிலிருந்து மூன்று முறை செய்தாள். முன்பு ஒரு நாள் முடிவில் குப்பியில் மிஞ்சிய ஆர்ஜினைன் நூற்றுக்கு நான்கு. இப்போது எழுபத்தொன்று. நல்ல செல்லின் குப்பியில் எழுபத்து நான்கு. புற்றுச் செல் எதையும் வழித்து நக்கவில்லை. பந்திக்கு அழைக்காத விருந்தாளி தின்றுவிட்டுப் போனதை எழுதித்தான் அவள் பேர் வாங்கியிருந்தாள்.

அன்று மத்தியானம் அவள் பழைய மின்னஞ்சல்களைத் தேடினாள். மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'உங்கள் சோதனையை ஒன்பது முறை செய்துவிட்டேன். எனக்கு எழுபது விழுக்காடு மிஞ்சுகிறது. எங்கே தப்புச் செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.' அதற்கு இவள் அனுப்பிய பதில் இரண்டே வரி. 'உங்கள் செல்கள் ஆரோக்கியமாக இல்லை போலிருக்கிறது. இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.'

அந்தப் பெண்ணின் செல்தான் சுத்தமாக இருந்திருக்கிறது. அவள் ஒன்பது முறையும் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

இவள் உடனே அவளுக்கு எழுதினாள். ஐந்து நிமிஷத்தில் மின்னஞ்சல் திரும்பி வந்தது. அந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. அந்தப் பெண் சேர்ந்திருந்த கூடத்துக்குப் போன் செய்தாள். "அந்தப் பொண்ணா? படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போயிடுச்சே," என்றார் எடுத்தவர். "எங்க போச்சுன்னு தெரியலைங்க."

மறுநாள் கூடத்து இயக்குநரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளியில யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்மா நீங்களா போய்த் தலையைக் குடுக்கறீங்க? துறைத் தலைவர் நேர்காணல் அடுத்த மாசம். அது முடியட்டும். அப்புறம் சத்தமில்லாம ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"திருத்தறதுக்கு அதுல மிச்சம் ஒண்ணும் இல்ல சார்."

"ஆயிரத்து நானூறு பேர் நம்பியிருக்காங்க. அத்தனை பேரும் முட்டாளா?"

"அவங்க நம்பினாங்க சார். நான்தான் பாக்காம விட்டேன்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "யோசிங்க," என்றார். அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இயந்திரம் ஓடினால்தானே? நேரே அண்ணன் கடைக்குப் போனாள்.

அண்ணன் ஒரு லாரி ரேடியேட்டரைக் குப்புறப் போட்டுக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வாடிக்கையாளரிடம் சுவரைக் காட்டினார். "அதோ மாட்டியிருக்கு பாருங்க, அத எழுதினது இவதான்."

"அண்ணே, அத எறக்கிடுங்க."

"ஏன், கண்ணாடி அழுக்கா இருக்கா?"

"அது தப்பு. நான் வாபஸ் வாங்கப் போறேன்."

குழாய் தரையில் கிடந்து தண்ணீர் கொட்டியது. அவள் நடந்ததைச் சொன்னாள். கிருமி, மருந்து, தெளிந்த தண்ணீர், எல்லாம். வாடிக்கையாளர் மெல்ல நழுவி வெளியே போய் நின்றுகொண்டார்.

"அடிப்பாவி! தண்ணி தெளிவா இருந்தா உள்ள சுத்தம்னு எவன்டி சொன்னான்? என் கடையில கூட்டிப் பெருக்கறவன் அப்படிச் சொன்னா செவுளு பிஞ்சிடும்!"

"ஆமா அண்ணே."

"ஆமாவா? ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்டி! சம்பந்தி வீட்டுல வேற சொல்லியிருக்கேன்!"

"ஆமா அண்ணே."

"எதையாவது பேசித் தொலையேன்! மரம் மாதிரி நிக்கறா பாரு."

அவர் குழாயை மூடினார். நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினார். பிறகு வேறு யாருடைய குரலிலோ கேட்டார். "வாபஸ் வாங்கிட்டா அந்த எண்ணிக்கை பூஜ்யம் ஆயிடுமா?"

"ஆகாது. அது பாட்டுக்கு இருக்கும்."

"அந்தப் பெரிய பதவி?"

"கெடைக்காது."

அண்ணன் சுவரைப் பார்த்தார். இறக்கவில்லை. "அந்த ஆணி நான் அடிச்சது. எப்ப எறக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றார்.

அன்று சாயங்காலமே கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். என்ன நடந்தது, எந்தச் சோதனையை எத்தனை வருஷம் செய்யாமல் விட்டாள், சுத்தமான செல்லில் வந்த எண்கள் என்ன, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அந்தக் கட்டுரையை அவளோடு சேர்ந்து எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் ஒப்புதல் அனுப்பினார்கள். மூன்றாமவர் பதிலே போடவில்லை. இப்படியொரு கடிதம் எழுத நெஞ்சுரம் வேண்டும் என்று குடுவைக்காரர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சில் உரமும் இல்லை, பயமும் இல்லை. விலாசம் எழுதும்போது ஒரு எழுத்துப் பிழை வந்தது, அதைத் திருத்தினாள், அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. மூன்று மாதம் கழித்துக் கட்டுரையின் எல்லாப் பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று அச்சாகியது. அவள் வழக்கம்போலக் காலையில் வந்தாள். கவனக்குறைவை மறைக்கிற அந்தச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்தியிருந்தாள். மாதம் முதல் தேதி ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு துளி எடுத்துக் குடுவைக்காரரிடம் சோதனைக்குக் கொடுப்பாள். எவ்வளவு தெளிந்திருந்தாலும் கொடுப்பாள்.

அப்படி ஒரு முதல் தேதியில் போன் அடித்தது. நான்கு மாதமாகப் பேசாத அண்ணன்.

"ஸ்கோர் என்ன?"

அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். "ஆயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணு."

"என்னது, ஏறிட்டுல்ல இருக்கு?"

"வாபஸ் வாங்கினது தெரியாமலே எடுத்துக்காட்டறாங்க அண்ணே."

"அடக் கெரகமே. அப்ப நீ என்ன பண்ணுவ?"

"ஒவ்வொருத்தருக்கா எழுதிட்டு இருக்கேன். பத்தொம்பது பேருல எட்டுப் பேருக்கு எழுதியாச்சு."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"சாப்ட்டியா?"

அவளுக்கு நினைவில்லை. காலையில் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

"சாப்ட்டேன் அண்ணே," என்றாள்.