ஓட்டு ஓட்டையில் வந்த சூரியன்

கிழிந்த ஜன்னல் திரையைத் தைக்க ஊசியை எடுத்தபோதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். கிழிசல் கோணல்மாணலாக இருந்தது. சுவரில் விழுந்த வெளிச்சமோ நல்ல வட்டம்.

என் சின்ன வயதில், மட்டாஞ்சேரி வீட்டில் ஒருநாள் உச்சிவேளையில் சூரிய கிரகணம். சித்தி பிள்ளைத்தாய்ச்சி. அவள்மேல் கிரகணம் படக்கூடாதென்று அம்மா கதவு, ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டாள். பக்கத்துக் கிடங்கின் சுக்கு வாசனையோடு இருட்டு புழுங்கியது. கூரை ஓட்டில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. தினமும் அதன் வழியே தரையில் வட்டமாக வெளிச்சம் விழும். அன்று பிறையாக விழுந்தது.

“ஓட்டை மாறலியே, வெளிச்சம் மட்டும் எப்படி மாறும்?” என்றாள் சித்தி. சற்று யோசித்தாள். “அப்போ தினமும் விழறது சூரியனோட படமாக்கும்.” உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டாள்.

“கையை எடுடி,” என்று அம்மா பதறினாள்.

“நான் வெளியில போகலியே அக்கா. அத்தனை தூரத்திலேந்து அதாக்கும் நம்மைத் தேடி வந்திருக்கு.”

 அம்மா மெல்லக் குனிந்து பார்த்தாள். பிறை வட்டமாகும்வரை மூவரும் நகரவில்லை.

சித்திக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் வந்தபோது, “அந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும்,” என்றாள் அம்மா. அந்த மழைக்காலம் முழுக்க நடுவீட்டில் ஒரு குண்டான் சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருந்தது.