ஆறு பேருக்கான பில்டர்

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பிதான். கொதிக்கிற தண்ணீரில் சுக்கையும் மல்லியையும் தட்டிப் போட்டு, கருப்பட்டியை உடைத்துப் போட்டு இறக்கி வைத்தால் வீடு முழுக்கக் குடிக்கும். பால் விட்ட காப்பி, பில்டர், டிக்காஷன் எல்லாம் ஆண்கள் வெளியில் போய் அனுபவிக்கிற சமாசாரம். அதற்கென்று ஊர் முக்கில் ஒரு காப்பி கிளப் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கிளப்தான் பாதி வீடு. மீதிப் பாதியில் நான் இருந்தேன்.

அவர் நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. காலையில் பஸ் ஏறுவதற்கு முன் கிளப்பில் ஒரு காப்பி, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு காப்பி. அந்தச் சாயங்காலக் காப்பியைக் குடித்து முடிக்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அவர் வந்து சொல்வதைக் கேட்டால், தமிழ்நாட்டோடு சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பொறுப்பு கிளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரிடம்தான் இருந்தது என்று தோன்றும்.

"எல்லைக்கு வரப்பு வெட்டி முடிச்சாச்சா? சோறு ஆறிப் போச்சு," என்பேன்.

சிரிப்பார். எனக்கும் அதில் பெரிய குறை இல்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பிறகு இருமல் வந்தது. சளி என்றார்கள், கபம் என்றார்கள், கஷாயம் கொடுத்தார்கள். துண்டில் ரத்தம் வந்த அன்று டாக்டர் சயரோகம் என்று சொல்லிவிட்டார். ஊசி மருந்து வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்கு வந்ததோ தெரியாது, எங்கள் கைக்கு அது எட்டவில்லை. சுகமான பிறகு வந்தால் போதும் என்று வக்கீல் ரொம்ப மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் சுகமாகவில்லை. அடுத்த வருஷம் கும்பப்பூ நெல் அறுவடைக்கு அவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிழைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம்.

வேலை போனதில்கூட அவர் இடிந்து போகவில்லை. கிளப்புக்குத் தவறாமல் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"இனிமே வீட்டிலயே காப்பி போடு ஏட்டி," என்றார்.

"ஏன், கிளப்புல என்ன?"

"அங்க பொடி சரியில்ல."

பொடியின் குறை என்ன என்று மறுநாள் பால்காரி வந்துதான் எனக்குச் சொன்னாள். கிளப்காரன் அவரை வாசலிலேயே நிறுத்தி, பக்கத்துச் சந்துக்கு வரச் சொல்லி, தேங்காய்ச் சிரட்டையில் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

சிரட்டை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கண்ணாடி டம்ளர் சிலருக்கு, சிரட்டை சிலருக்கு என்பதுதான் அந்தக் காலத்துக் கடைகளின் வழக்கம். எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள் வெளியே நின்று சிரட்டையில்தான் குடித்தார்கள். என் வீட்டுக்காரர் எத்தனையோ வருஷம் உள்ளே பெஞ்சில் இருந்து அதைப் பார்த்திருக்கிறார், அப்போதெல்லாம் பொடி அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்னதில்லை. அவர் வாங்கிக் குடித்தாரா, கீழே ஊற்றினாரா என்று பால்காரிக்குத் தெரியவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை.

வீட்டில் காப்பி போட வேண்டுமென்றால் வறுக்க, அரைக்க, வடிகட்ட மூன்றுக்கும் சாமான் வேண்டும். எங்களிடம் கருப்பட்டிக் காப்பிப் பானை ஒன்றுதான் இருந்தது. என் கல்யாணத்துக்கு வந்த சீரில் ஒரு வெண்கல உருளி. அதைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பால்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோட்டாற்றுக்குப் புறப்பட்டேன். அவர் நடைவரை வந்தார்.

"சின்னதா வாங்கிராதே. பெருசா பாத்து வாங்கு. நாலு பேரு வந்தா வேணும்லா."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கிளப்புக்குப் போகாவிட்டால் என்ன, கிளப்பையே இங்கே கொண்டு வந்துவிடலாம் என்று இருந்தது அந்த முகம். காப்பி அவருக்குப் பெரிதில்லை, கூட உட்கார்ந்து குடிக்க ஆள் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பாத்திரக் கடையில் மூன்று விதமான பில்டர் காட்டினார்கள். ஒன்று அலுமினியம், கையில் எடுத்தால் கனமே இல்லை, விலையும் சகாயம். ஆனால் அதில் டிக்காஷன் ஒரு வாடை அடிக்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இன்னொன்று பீங்கான் பூச்சுப் பூசிய இரும்பு, பார்க்க அழகு, ஒரு இடத்தில் தட்டினால் பூச்சு உதிர்ந்து துருப்பிடிக்கும். மூன்றாவது பித்தளை, உள்ளே ஈயம் பூசியது. பித்தளையில் இரண்டு அளவு இருந்தது. கடையின் மூலையில் கையால் சுற்றுகிற அரைக்கும் மிஷின் ஒன்றும் கிடந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன பழசு, கைப்பிடி உடைந்து மரத்தில் வேறு பிடி போட்டிருந்தது.

கடைக்காரர் உருளியைத் தட்டிப் பார்த்தார், நிறுத்தார். "இதுக்கு ஈடா சின்ன பில்டரும் அந்த மிஷினும் தரலாம். இல்லன்னா பெரிய பில்டர் மட்டும். ரெண்டும் கேக்கப்படாது," என்றார்.

சின்னதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்குத் தாராளம். பால்காரி என் முழங்கையை இடித்தாள். "சின்னதும் மிஷினும் எடு மக்கா. உரல்ல இடிச்சு இடிச்சு தோளு போயிரும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நான் பெரியதை எடுத்தேன். ஆறு பேருக்கு வரும் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் வரும்போது பால்காரி என்னோடு பேசவே இல்லை.

மலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒருவர் மூலமாகப் பச்சைக் கொட்டை கிடைத்தது. முதல் தடவை இரும்புச் சட்டியில் வறுத்தேன். வெளியே கரி, உள்ளே பச்சை. பிறகு வாயகன்ற மண்சட்டியில் சிறு தீயில் கைவிடாமல் கிண்டி, கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்டதும் முறத்தில் கொட்டி ஆற வைக்கப் பழகினேன். இடிப்பதிலும் தப்புச் செய்தேன். புட்டுக்கு மாவு இடித்த கை, நைசாக இடித்தால்தான் இடித்ததாக ஒத்துக்கொள்ளும். நைசுப் பொடி தண்ணீர் பட்டதும் சேறாகி பில்டர் துளையை அடைத்துக்கொண்டது. வெந்நீர் மேலேயே நின்றது. அவர் பில்டரின் தலையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை ரவைப் பதத்தில் நிறுத்தினேன், டிக்காஷன் இறங்கியது.

ஆனால் அதுவும் தண்ணீராகத்தான் இறங்கியது. ஒரு ஆளுக்கான பொடி அந்தப் பெரிய பில்டரின் அடியை மூடவே போதவில்லை. ஊற்றிய வெந்நீர் பொடியைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். அழுத்திப் பார்த்தேன், வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆறு பேருக்கான பொடியைத் தினம் போட எங்களுக்கு வகை ஏது?

"அது ஒண்ணுமில்ல. நாலு பேரு வந்தா சரியாயிரும்," என்றார் அவர்.

ஆள் சொல்லி அனுப்பினார். முதலில் கிளப் கூட்டாளி ஒருவர் வந்தார். முற்றத்தில் எட்ட உட்கார்ந்தார். அவர் எதிரிலேயே டம்ளரை வெந்நீரில் கழுவி, காப்பி கொண்டு வந்து வைத்தேன்.

"அடடா, மண்டைக்காட்டுக்கு விரதம்லா. வெளியில தண்ணி கூட வாயில வைக்கப்படாது," என்றார்.

மாசி மாதம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நெருங்கியிருந்தது. நம்பினேன். அடுத்தவர் வந்தார், அன்று வெள்ளிக்கிழமை, முருகனுக்கு விரதம். அதற்கடுத்தவர் சபரிமலைக்கு மாலை போடப் போகிறாராம். பங்குனி வெயிலில் உட்கார்ந்துகொண்டு கார்த்திகைக்கு இப்போதே விரதம் தொடங்கிவிட்டார். அந்த வருஷம் எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு வந்த பக்தியை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் உறவு முறிந்தது என்று அர்த்தம். சாமியின் பெயரைச் சொன்னால் மட்டும் குற்றமில்லை. அதனால் எல்லோரும் சாமியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பயந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரின் டம்ளரை நானும் தனியாகத்தான் வைத்திருந்தேன், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கு வேறு டம்ளர், வேறு தட்டு, எல்லாம் அவர்கள் கண் முன்னால் கொதிநீரில் கழுவியது. அதற்கு மேல் நான் என்ன செய்ய?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இவங்களுக்கெல்லாம் எங்கேருந்து இம்புட்டு பக்தி வந்தது?"

"சாமி காரியத்தப் பழிக்காதே," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விரதத்துக்கும் ஒரு அளவு உண்டு. தினம் ஒரு சாமியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நாளில் வரத்தே நின்றது. தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் அவர் கழுத்து நீண்டு, பிறகு தலை தலையணையில் விழும். அந்த நாட்களில் அவர் இருமியதைவிட அப்படி எட்டிப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பி தண்ணீராகவே இறங்கிக்கொண்டிருந்தது, அவரும் அதையே குடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போது அவருடைய உற்ற சிநேகிதர் ஒரு நாள் எங்கள் தெரு வழியாகப் போனார். இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்து ஒரே குளத்தில் விழுந்து கிடந்தவர்கள். இவர் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். அவர் நடைக்கு வெளியிலேயே நின்று சுகம் விசாரித்தார். மழை பற்றி, வாய்க்காலில் தண்ணீர் வராதது பற்றிப் பேசினார்கள். நான் அடுக்களைக்குள் ஓடினேன். இருந்த பொடியை மிச்சம் வைக்காமல் கொட்டினேன். அன்றைக்குத்தான் அந்தப் பில்டரில் டிக்காஷன் கருகருவென்று சொட்டியது. இந்தச் சிநேகிதர் ஒருவராவது குடிப்பார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது.

இரண்டு டம்ளர்களோடு வெளியே வந்தேன். டம்ளரைப் பார்த்ததும் சிநேகிதரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாய் திறந்தது, ஒரு சாமியும் அகப்படவில்லை. அன்று புதன்கிழமை. கோயில் விசேஷம் எதுவுமில்லாத மாதம்.

அதற்குள் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து அதட்டினார். "அவனுக்கு எதுக்குட்டி கொண்டுவந்தே? புதன்கிழமை அவனுக்கு விரதம்லா."

புதன்கிழமை விரதம் இருக்கிற ஒரு ஆம்பிளையை நான் அதுவரை எங்கள் ஊரில் பார்த்ததில்லை. சிநேகிதர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஆமா மக்கா. புதன் விரதம்தான்," என்றார்.

சொன்னவர் நடையைத் தாண்டி உள்ளே வந்தார். முற்றத்தில் உட்கார்ந்தார். பழைய கதையெல்லாம் பேசினார், எல்லைப் பிரச்சினை பேசினார், இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நான் இரண்டாவது டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அதை அந்தச் சிநேகிதரின் தலையில் ஊற்றலாமா என்றுகூட இருந்தது. அவர் போன பிறகு அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிநேகிதர் போய் என்ன சொன்னாரோ, மறுநாள் கிளப் கூட்டாளிகள் வேறு சிலரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் நடையில் ஏறும்போதே இவர் எனக்குச் சத்தமாகச் சொல்வார், "ஏட்டி, இவனுக்கு இன்னைக்கு விரதம், ஒண்ணும் கொண்டு வராதே." கேட்டதும் வந்தவர் தோளில் இருந்த பாரம் இறங்கியது போல உள்ளே வருவார். இன்னொருவர் வருவார், அவருக்கு வேறொரு விரதத்தை இவரே எடுத்துக் கொடுப்பார். நாளாக நாளாக அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டில் காப்பி தர மாட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் முற்றத்தில் கூட்டம் கூடும். கடைசிவரை கூடியது. நான் ஒரு ஆளுக்கான பொடியைப் போட்டு, ஒரு டம்ளர் மட்டும் கொண்டு வந்து வைப்பேன். சுற்றிலும் நாலு பேர் விரதம் இருக்க, அவர் நடுவில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர்க் காப்பியைக் குடித்தார்.