லஸ்ஹர் விழுங்கிய மீன்

எங்கள் சர்சீஸ் ஊரில் சிலருக்குச் சளி பிடிக்கும், லஸ்ஹருக்குப் பொறாமை பிடிக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது என்று கேள்விப்பட்டால் தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்கிற மனிதர். இரண்டு நாள் இருக்கும், கொஞ்சம் இருமுவார், போய்விடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பங்காளி பல்காசெம் விஷயத்தில் மட்டும் அது தீராத வியாதி. இருவரும் வைத்திருப்பது ஒரே அச்சில் வார்த்த பழைய பிக்கப் வண்டிதான். பல்காசெமுடையது வெள்ளை. லஸ்ஹருடையது ஒரு காலத்தில் வெள்ளை. இருவரும் அதில் ஆடு ஏற்றுவார்கள், சிமெண்ட் ஏற்றுவார்கள், கல்யாணத்துக்கு மெத்தை ஏற்றுவார்கள். ஆனால் ஆலிவ் பறிப்பு வந்துவிட்டால் ஊரே மரியாதையாக 'லல்லா' என்று அழைக்கிற மொஞ்சியாவின் தோப்புக் காய் பல்காசெமின் வண்டியில்தான் ஆலைக்குப் போகும். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

காய்க்கு அல்ல. எங்கள் பக்கத்தில் காய்க்குச் சொந்தக்காரர் காயை விட்டுப் பிரியமாட்டார். ஆலைக்காரன் மாற்றிவிடுவான் என்று சொந்தத் தம்பி ஆலை நடத்தினாலும் சந்தேகப்படுகிற ஊர் இது. வண்டியில் கூடவே போய், வரிசையில் கூடவே நின்று, எண்ணெய் கண்ணெதிரே இறங்கிய பிறகுதான் மூச்சு விடுவார்கள். ஆகவே மொஞ்சியாவின் காயை ஏற்றுகிறவனுக்கு முன் சீட்டில் மொஞ்சியா. கணவர் போன பிறகு தோப்பைத் தனியாளாகக் கட்டிக் காத்து, ஆண்கள் கூட்டத்தில் வாயடித்துத் தன் முறையை வாங்குகிற மொஞ்சியா. ஆலையில் சுடச்சுட ரொட்டியைப் புது எண்ணெயில் முக்கிப் பாதியை ஓட்டுநருக்கு நீட்டுகிற மொஞ்சியா.

இதற்காகவே லஸ்ஹர் தன் வண்டியின் முன் சீட்டைப் புதிதாகத் தைத்து, அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அதில் அவருடைய அக்காகூட உட்கார்ந்ததில்லை. அக்கா ஆடுகளோடு பின்னால் வருவார்.

அன்று காலை டீக்கடைத் திருப்பத்தில் லஸ்ஹர் தன் வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பல்காசெமின் வண்டி சாக்கு மூட்டைகளோடு மெல்லத் திரும்பியது. மூட்டைகளின் மேல், ஆலையில் இறக்கிவைக்கப் போகிற கூலியாளாக நான். முன் சீட்டில் மொஞ்சியா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு லஸ்ஹரின் டீயில் விழுந்துவிட்டது.

"உன் இன்ஜின் சத்தம் இந்த வருஷம் தனியாத்தான் இருக்கு, பங்காளி" என்றார்.

பல்காசெம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். எங்கள் ஊரில் ஒன்றைப் புகழ்ந்தால் புகழ்ந்த வாயோடு 'உன்மேல் மீன்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கண் பட்டுவிடும். ஏன் மீன், ஏன் ஆடு இல்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. லஸ்ஹரின் வாயிலிருந்து மீன் வரவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான். பல்காசெம் முகம் கறுத்து, கண்ணாடியில் தொங்கிய காய்ந்த மீன்வாலைத் தானே தொட்டுக்கொண்டு கிளம்பினார்.

உப்புச் சதுப்பு வளைவைத் தாண்டவில்லை. ஆக்சிலேட்டர் பெடல் செத்த எலி மாதிரி தரையோடு படுத்துக்கொண்டது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கேபிள் அறுந்துவிட்டது. எல்லாம் டீக்கடையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரம். லஸ்ஹர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வா பங்காளி" என்றார் பல்காசெம். "கண்ணை வச்ச இடத்துலயே வண்டியையும் கொண்டாந்து நிறுத்திட்ட. மூட்டைய இறக்கி ஏத்திக்கோ. அதுக்குத்தானே இவ்ளோ பாடு?"

லஸ்ஹரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காலி வண்டி பக்கத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் உறை வெயிலில் மின்னுகிறது. இத்தனை பருவமாக ஏங்கிய மூட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஒரு மூட்டையைத் தொட்டாலும் கண் வைத்தது உண்மை என்று ஆகிவிடும்.

"ஒரு மூட்டைகூட இறங்காது" என்றார். "இது கண்ணு இல்ல, கேபிளு. இங்கயே போட்டுத் தரேன்."

பெடலின் மேல்முனையிலிருந்து அறுந்த துண்டைக் கழற்றினார், கார்புரேட்டர் பக்கமிருந்து மீதியை உருவினார். அவர் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு மோபெட் பிரேக் கேபிள் சுருண்டு கிடக்கும். பழைய வண்டிக்காரன் எவனும் அது இல்லாமல் வெளியே வரமாட்டான். அதைச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்த ஆலிவ் எண்ணெயில் துடைத்து உறைக்குள் செலுத்தினார். குமிழ் முனையைப் பெடலில் மாட்டினார். மறுமுனைக்கு, கரண்டு வேலைக்காரர்கள் வைத்திருக்கிற பித்தளைக் கனெக்டரைப் போட்டுத் திருகாணியை இறுக்கினார். கேபிள் நுழைகிற தகட்டு ஓட்டையில் தேய்ந்து போயிருந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டிச் செருகினார். பல்காசெம், ஆலையில் தன் முறை போய்விடக் கூடாதென்று, சிக்னலுக்காக ஒரு மேட்டில் ஏறி நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆகவே ஓட்டுநர் சீட்டில் ஏறிப் பெடலை மிதிக்கிற வேலை மொஞ்சியாவுக்கு வந்தது.

"மிதிங்க, லல்லா. அடி வரைக்கும். விடுங்க." பானெட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மொஞ்சியா மிதித்தார், விட்டார். "உங்க வண்டி காலியா, லஸ்ஹர்?"

"காலிதான். இன்னொரு தடவை மிதிங்க."

"இவ்ளோ மூட்டையையும் இழுக்குமா?"

"இதைவிட நல்லா இழுக்கும். விடுங்க."

"அந்த சீட்டு உறையை யாருக்காகப் பிரிக்காம வச்சிருக்கீங்க?"

மூட்டை மேல் இருந்த எனக்கே காது சுட்டது. லஸ்ஹர் பானெட்டை விட்டு வெளியே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அறுந்த கேபிள் முனையை மொஞ்சியாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதைப் பாருங்க. ஒரே நாள்ல அறுந்ததில்ல. ரப்பர் போயி, இரும்பு இரும்பை இழை இழையா அறுத்திருக்கு. என் கண்ணு என்ன ரம்பமா?"

மொஞ்சியா கேபிளைப் பார்த்தார், அப்புறம் ஆளைப் பார்த்தார். "நான் கேபிளைக் கேக்கல. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறதுலயே இருக்கீங்க. நடுவுல ஒருத்தி உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். பல்காசெம் மேட்டிலிருந்து இறங்கி வந்து, பெடலை மிதித்துப் பார்த்தார். வண்டி புதுக் குதிரை மாதிரி துள்ளியது. கை நல்ல கைதான் உனக்கு என்று லஸ்ஹரிடம் சொல்லி, கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் மொஞ்சியா கேட்டது என்னவென்று லஸ்ஹருக்கு உறைத்திருக்க வேண்டும். அறுந்த கேபிளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பார்வை போகிற வண்டியின் முன் சீட்டின் பக்கமே இருந்தது. பிறகு சத்தமாகவே சொன்னார், மூட்டை மேல் இருந்த எனக்குக் கேட்டது: "என்னா அழகா ஓடுது."

உதடு அடுத்த வார்த்தைக்குக் குவிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மீனை விழுங்கிவிட்டார். இந்த முறை மறதி இல்லை.

ஆனால் பாருங்கள், கேபிள் அறுந்துபோகவில்லை. ஆலை வரைக்கும் போனது, திரும்பி வந்தது, இந்தப் பருவம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. லஸ்ஹரின் கை போட்ட கேபிளை லஸ்ஹரின் கண்ணாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊரில் இன்னமும் அவர் கண்தான் அறுத்தது என்கிறார்கள். சீட்டு உறையை மறுநாளே கிழித்துப் போட்டுவிட்டார், இப்போது அக்கா அதில் ஜம்மென்று உட்கார்ந்து வருகிறார். பல்காசெமின் மேல் இருந்த பொறாமைகூடக் கொஞ்சம் ஆறிவிட்டதாம்.

இப்போது அவருக்குப் பொறாமை அந்த மோபெட் கேபிளின் மேல். தினமும் மொஞ்சியாவோடு ஆலைக்குப் போய் வருகிறதே.