சேர் கேட்ட பிள்ளையும் பஸ் வரைந்த பிள்ளையும்

சித்திரம் படிப்பிப்பவளிடம் எல்லாரும் கேட்பது, “பிள்ளை நல்லாக் கீறுதா?” என்றுதான்; பிள்ளை பேசுதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கண்டியில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சித்திர வகுப்பு நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பிள்ளைகளும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்தவர்களும் வருவார்கள். முதல் வாரம் எல்லாரும் வரைவது இரண்டு மலை, நடுவில் சூரியன். என்னைப் போல் பிள்ளைகளோடு மாரடிப்பவர்களே, அந்தச் சூரியன் உங்களையும் சுட்டிருக்குமே!

கடைசிக் கதவு

கவியா பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். தாயோடு கண்டிக்கு வந்து பாடசாலையில் சேர்ந்த முதல் நாள், “மிஸ், அந்தச் சேரை நான் எடுத்துக்கவா?” என்று கேட்டாள். இங்கே உட்காருவது கதிரை; சேர் என்றால் வாத்தியார். கணக்கு சேர் வேறு பக்கத்திலேயே நின்றிருந்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு கவியா வாயை மூடிக்கொண்டாள். பாடசாலை அதிபர் கேட்ட கேள்விகளுக்கும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் தெரியாத பிள்ளை என்று அவர் அவளைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்.

என் வகுப்பில் சேர்ந்த பிறகு என்னிடமும் அவள் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை, “நீங்க இருந்த வீட்டைக் கீறுங்க. அழகா வரணும்னு இல்ல” என்றேன். கவியா ஒரே நீளக் கட்டடத்தில் ஒட்டி ஒட்டிக் கதவுகளை வரைந்தாள். வாசலில் வரிசையாகக் குடங்கள். பக்கத்தில் இருந்த, ஹேவாஹெட்ட தோட்டத்து வரிசை வீடொன்றில் வளர்ந்த சுதன் எட்டிப் பார்த்துக் கத்தினான்: “ஏய், இது எங்க லயமாச்சே! நீ எப்ப அங்க வந்த?” கவியா தலை நிமிர்ந்தாள். “இது லயம் இல்ல, எங்க முகாம். அந்தக் கடைசிக் கதவு எங்க வீடு. வேணும்னா வா.”

வளைவு ரோடு

அகீல் கட்டாரில் பிறந்தவன். வாப்பாவின் வேலை போனதும் குடும்பம் ஊருக்கே, கண்டிக்குப் பக்கத்துக் கலகெதரைக்கு வந்துவிட்டது. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மலை ரோட்டின் வளைவுகளோ அவனைப் பாடாய்ப்படுத்தின. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் வந்து மூலையில் உட்காருவான்.

“இன்னைக்கு வந்த வழியைக் கீறுங்க” என்றேன். அவன் சுருண்டு சுருண்டு ஏறும் ரோடும், பஸ் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தன் தலையும் வரைந்தான். மீதியையும் விடவில்லை, பச்சைக் கலரில்! “எனக்கும் இப்படித்தான்!” என்று ஒருத்தி சொல்ல, ஆளுக்கு ஒரு வாந்திக் கதை வந்தது. அகீலும் எழும்பி நின்று, தெரிந்த தமிழோடு கையையும் காலையும் சேர்த்துத் தன் கதையை நடித்துக் காட்டினான். மண்டபம் குலுங்கியது. கூட்டிப்போக வந்த உம்மா, “அல்லாஹ்! இதையுமா மகன் கீறுற?” என்று தலையில் கை வைத்தார். அவனோ திரும்பிப் போகும்போது படத்தைக் கண்டக்டரிடம் நீட்டியிருக்கிறான். அவர் அதை டிரைவருக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, சிங்களம் கலந்த, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்: “பொடி மாத்தயா, சின்ன ஐயா, இனி முன் சீட் உங்களுக்குத்தான்!”

கண்காட்சி

வருடக் கடைசியில் படங்களை மண்டபத்தில் மாட்டி, கவியாவின் அதிபரையும் அழைத்தேன். முகாம் படத்தின் முன் நின்றவர், “இது எந்த இடம்?” என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், “மிஸ், நானே சொல்றேன்” என்று கவியா முன்னால் வந்தாள். தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடம், சைக்கிள் பழகி விழுந்த இடம், மழைக்கு ஒழுகாத ஒரே அறை என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். எல்லாம் அவளுடைய முகாம் தமிழில்தான். கூட்டம் கூடியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“இவ்வளவு பேசுற பிள்ளை அன்னைக்கு ஏன் என்கிட்ட பேசல்ல?” என்றார் அதிபர். “நீங்க கேட்டதெல்லாம் எனக்குத் தெரியாதது. இது எனக்குத் தெரிஞ்சது” என்றாள் கவியா. திங்கட்கிழமையே அவளை அவள் வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா மூச்சிரைக்க வந்தார்: “மிஸ், இவ வாயை மூட வைக்க ஏதாவது வகுப்பு இருக்கா?”

இப்படி ஒவ்வொரு பிள்ளையாகப் பேச வைத்ததில் நான் கண்ட பலன், சனிக்கிழமை காலையில் அந்த மண்டபத்தில் என் குரல் மட்டும் எவர் காதிலும் விழுவதில்லை என்பதுதான்.