3-பி வீட்டு ஓட்டு

அந்த அம்மா என்னை "ரமீரோவோட நாய்" என்று சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வீட்டுக்காரர்கள் கூட்டத்தில், கார் நிறுத்தும் அடித்தளத்தில், இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொன்னார். கடைசி வரிசையில் என் பெண்டாட்டி இருந்தாள். அந்த அம்மா இறந்தும் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயர் ஹென்ட்ரிகா. ரிக்கா என்றால்தான் எங்கள் கடற்கரையில் தெரியும். டச்சுக்காரர். ராட்டர்டாமில் இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவர். புருஷன் விம்முக்கு நுரையீரல் கெட்டுப்போய், வெயில் உள்ள ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதால் இங்கே வந்தார்கள். கடல் தெரிகிறதென்று மூன்றாம் மாடியில் வாங்கினார்கள். வாங்குகிற அன்று படியை யார் எண்ணுகிறார்கள்? ஐம்பத்துநாலு படி. லிஃப்ட் கிடையாது.

மூன்று வருஷத்தில் விம் போய்விட்டார். இந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தோம். திரும்பவில்லை. ஜனவரியிலும் காலையில் கடலில் இறங்கிக் குளிப்பார். எங்கள் பாஷையை மீன் மார்க்கெட்டில் கற்றவர். அதனால் நல்ல வார்த்தை கொஞ்சமும் மற்ற வார்த்தை நிறையவும் வரும். பாதிரியாரிடமும் அதே வாய்தான்.

பிறகு முட்டி தேய்ந்தது. வாரத்துக்கு ஒரு தடவை இறங்குவார். காஸ் சிலிண்டரையும் தண்ணீர் கேனையும் நான் தூக்கிப் போவேன். நான் நாற்பது வீட்டுக்கு வாட்ச்மேன், சுமைகூலி இல்லை. ஆனாலும் தூக்கினேன். மகள் லிஸ்பெத் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள், வீட்டை விற்றுவிட்டு வா, முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று.

"அங்க ஜன்னலத் தொறந்தா எதிர் ஜன்னல்ல இன்னொரு கெழவி தெரிவா. நான் அவளப் பாக்கணும், அவ என்னப் பாக்கணும். இங்க லிஃப்ட் வந்தா இருப்பேன். வரலேன்னா போயாகணும்" என்றார் என்னிடம்.

லிஃப்ட் வர, பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். சங்கத் தலைவர் ரமீரோ மாட்ரிட்காரர். தோன் ரமீரோ என்றுதான் கூப்பிட வேண்டும்; தோன் என்றால் ஐயா. கீழ்த்தள வீடு, முன்னால் தோட்டம். ஆகஸ்டில் மட்டும் வருவார். அவருக்கு லிஃப்ட் எதற்கு?

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வீடு வாங்கிய வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் குளிர்காலத்துக்கு வருகிறவர்கள். வெயில் ஏறுமுன் ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். கூட்டமோ ஆகஸ்டில். அதனால் வருஷாவருஷம் ஏப்ரலில் நான் ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவேன். "நான் வராவிட்டால் என் ஓட்டை இன்னார் போடட்டும்" என்று எழுதிய தாள். இன்னார் என்ற இடத்தில் ரமீரோ பெயரை முன்பே அச்சடித்திருப்பார்கள். அவர்கள் ஒரு கையில் பெட்டியோடு, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். "என்ன டெல்மோ இது?" என்பார்கள். "எப்பவும் உள்ள தாள்தாங்க" என்பேன். பியர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு அடுத்த கதவு. பதினைந்து வருஷம் அப்படித்தான்.

முட்டி ஆபரேஷனுக்கு ஊருக்குப் போன வருஷம் ரிக்கா அம்மாவும் போட்டுக் கொடுத்தார். அந்த ஆகஸ்டில்தான் லிஃப்ட் தீர்மானம் வந்தது, தோற்றது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தபோது கூட்டக் குறிப்பு தபால்பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"டெல்மோ, மூணு-பி யாரு வீடு?"

"உங்க வீடுதாம்மா."

"மூணு-பி வேண்டாம்னு சொல்லியிருக்கே. எனக்கு லிஃப்ட் வேண்டாம்னு நானே சொன்னேனா?"

"உங்க ஓட்ட தோன் ரமீரோ போட்டாரு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

"நீ என்ன சொல்லி வாங்கின?"

எப்பவும் உள்ள தாள் என்று சொல்லித்தான் வாங்கியிருந்தேன். ரமீரோ வேண்டாம் என்றுதான் போடுவார் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத மாட்டேன்.

பத்து மாதம் அந்த அம்மா என்னோடு பேசவில்லை. சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு வருவேன். அடுத்த ஆகஸ்ட் கூட்டத்தில் பேசினார். அதுதான் முதலில் சொன்னது. சொல்லிவிட்டு, வருகிற வருஷம் லிஃப்டை மறுபடியும் ஓட்டுக்கு வைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார்.

ஏப்ரலில் என் அறைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கட்டுத் தாள். அதே வாசகம், இன்னார் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதையும் எடுத்துட்டுப் போ."

"நாய்கிட்ட எதுக்கு வரீங்க?"

"கதவு கதவாப் போறவன் நீதான. எனக்கு முட்டி இல்ல."

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. என் மேஜைமேல் இருந்த சிகரெட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் அந்தக் கட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரண்டு கட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "ரெண்டு தாள் இருக்கு. படிச்சுப் பாத்துட்டு எது வேணுமோ அதுல போடுங்க" என்றேன். 2-ஏ பெல்ஜியக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து வரிவரியாகப் படித்தார். "இத்தன வருஷமா இதுலயா போட்டுக்கிட்டிருந்தேன்?" என்றார். அந்த வீட்டில் எனக்குப் பியர் கிடைக்கவில்லை.

மாட்ரிடிலிருந்து போன் வந்தது. "உனக்குச் சம்பளம் யாருப்பா குடுக்கறா?" என்றார் ரமீரோ.

"நாப்பது வீடும் சேந்து குடுக்குதுங்க, தோன் ரமீரோ."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

ஜூலைக் கடைசியில் ரிக்கா அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்தார். இடுப்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்களோடு நானும் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். வழி முழுக்க மீன் மார்க்கெட் பாஷைதான். கூட்டத்துக்கு முந்தின நாள் மூளையில் ரத்தம் கசிந்து பேச்சு நின்றுவிட்டது. மூன்று வாரம் அப்படியே கிடந்து போனார். தீர்மானம் இரண்டு ஓட்டில் ஜெயித்தது. கூட்டத்துக்கு அடுத்த நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய்ச் சொன்னேன். காதில் விழுந்ததா என்று தெரியாது.

பேச்சு இருந்தபோது நான் கடைசியாகப் பார்த்தது கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால். தன் தாளில் கையெழுத்துப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இன்னார் என்ற இடத்தில் என் பெயர்.

"நான் வாட்ச்மேன்மா. எனக்கு எதுக்கு? பெல்ஜியக்காரர்கிட்டக் குடுங்க."

"அவன் கூட்டத்துல தூங்கிடுவான். வாட்ச்மேன் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா? லிஸ்பெத் கேட்டுட்டா. இல்ல."

"ரமீரோ சும்மா இருக்கமாட்டாரு."

"இருக்கமாட்டான். நீ எப்பவும் கதவுகிட்ட நிப்ப, எவனாவது தண்ணி கேட்டா ஓடுவ. அன்னைக்கு ஓடாத. சலவை பண்ண சட்டை போட்டுக்க. வீட்லேருந்து நாற்காலி எடுத்துட்டுப் போய் முன் வரிசைல போட்டு உக்காரு. மூணு-பின்னு கூப்பிடுவாங்க. கையத் தூக்கு. அரைகுறையாத் தூக்காத டெல்மோ, அவன் எண்ணி முடிக்கற வரைக்கும் எறக்காத."