ஜமீலா அக்கா தீட்டிய நாலு மணித் தெரு

வெள்ளிக்கிழமை காலை, காயாத பீங்கான் பொம்மைகளின் பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜமீலா அக்காவின் மகள் திட்டக்குடியிலிருந்து போன் செய்தாள். "சித்தி, அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். சாவுச் சேதி கேட்டு அக்கா முகம் மனசில் வருவதற்குள் என் கண் ரேக்கின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மகள் வூட்டுச் சுவருக்கென்று அவங்க ஒரே படமாகத் தீட்டிய பன்னிரண்டு டைல்ஸ், சூளைக்குப் போகாமல் அங்கே இருந்தன. அப்படிப் பார்த்ததற்கு இன்றும் எனக்கு வெட்கம்தான்.

கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். பொம்மைக்குக் கலர் பூச நாம் பலபேர் இருந்தோம். தெருவைப் பார்த்துத் தீட்டினது அக்கா மட்டும்தான். பழைய காலண்டரில் ஒரு வெளிநாட்டுத் தெரு இருந்தது. மஞ்சள் வீடுகள், நீல நிழல், வானத்தில் பச்சை. அதைப் பார்த்ததிலிருந்து நாலு மணிக்கு டீ கிளாஸோடு பட்டறை வாசலில் போய் நிற்பாங்க.

"நல்லா பாரு கோமதி. மஞ்சச் செவுத்துகிட்ட நிழலு கருப்பாவா இருக்குது? நீலம்டி."

"சாக்கடை என்ன கலருக்கா?"

"நாலு மணிக்கு அதுவும் தங்கம்தான். மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாரு."

சுடாத கலரை நம்ப முடியாது. நீலம் சூளைக்குள் போகும்வரை அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும். தெரிந்தும் நான் தப்பு செய்தேன். முதலில் ஒரு பீங்கான் தட்டில்தான் தெருவைத் தீட்டிப் பார்த்தாங்க. அதில் ஏதோ கறை என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அக்கா திட்டவில்லை. "மரத்தோட நிழலைத் தொடச்சிட்டியேடி. பாவம், அது வெயில்லயே நிக்கட்டும்" என்று சிரிச்சாங்க.

அதனால்தான் இந்தத் தடவை பயம். திங்கள்கிழமை சூளை ஏற்றும்போது, கடைசி டைலின் மூலையில் ஒரு சாம்பல் தீற்றல். அழுக்கா, நிழலா? அழுக்கென்றால் சுட்டபிறகு எதற்கும் போகாது. நிழலென்றால் துடைத்தபிறகு போட ஆளில்லை. துணியை மூன்று தடவை எடுத்தேன், வைத்தேன். "ஏத்தவா வேணாமா? கையில வச்சிக்கிட்டே நிக்கிற" என்றார் சூளைக்காரர். துடைக்காமலே கொடுத்துவிட்டேன்.

சூளை சுட்டு ஆற ரெண்டு நாள். சூட்டோடு திறந்தால் விரிசல் விடும். அவங்க கடைசியாகத் தீட்டினது. கெட்டுப்போனால் கெடுத்தது என் கைதான்.

புதன்கிழமை திறந்தார்கள். வானத்தில் ஒரு டைல் மட்டும் லேசாக விரிசல் விட்டிருந்தது. மற்றபடி தெரு அப்படியே வந்திருந்தது. மஞ்சள் சுவர், ரோஸ் கலர் ரோடு, பஸ்ஸுக்கு அடியில் நீலம், சாக்கடையில் தங்கம். மூலையில் இருந்தது நிழலும் இல்லை, அழுக்கும் இல்லை. அக்காவின் கட்டைவிரல். ரேகை ரேகையாக நீலம். டைலைத் தூக்கி வைக்கும்போது பட்டிருக்கும்.

மகள் வந்தாள். தன் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

படம் திட்டக்குடிக்குப் போய்விட்டது. நான் அதே இடத்தில் உட்கார்ந்து பொம்மை துடைக்கிறேன். ஏதாவது கறை தெரிந்தால் கை கொஞ்சம் நின்று, பிறகுதான் துடைக்கிறது. அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.