வெட்டியாக இருப்பவன்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ‘வெட்டி’ என்ற ஒரு சொல்லை வைத்தே ஒரு வகுப்பை ஓட்டிவிடுவேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலி வாங்காமல் செய்தே தீரவேண்டிய வேலை. ஏரியைத் தூர்வாரணுமா, வாய்க்கால் கரையை அடைக்கணுமா, வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாகணும். முதுகு ஒடிய உழைத்ததற்கு அந்தப் பெயர். அதே சொல் இன்றைக்கு ஒன்றும் செய்யாமல் ஊர் சுற்றுகிறவனுக்குப் பட்டமாகிவிட்டது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

என் தம்பி பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறான். அவனுக்குப் பெண் தேடித் தேடி எங்களுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பையன் வேலைக்குப் போகலையா என்று கேட்டே எல்லாம் தட்டிப்போனது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தபோது, இதுதான் கடைசி, இதுவும் தட்டிப்போனால் என்னை விட்டுடுங்க என்று சொல்லிவிட்டான்.

பெண்வீட்டார் வீடு பார்க்க வந்து காரை விட்டு இறங்குகிறார்கள். அப்போதுதான் அப்பா என்னை அடுப்படிக்கு இழுத்து விஷயத்தைச் சொன்னார். தரகரிடம் இவர் “பையன் மில்லுல இருக்கான்” என்று சொல்லியிருக்கிறார். கரும்பு அரவை சீசனில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சர்க்கரை மில்லில்தான் இருப்பார்கள், கரும்பு ஏற்றிய டிராக்டரோடு வரிசையில். தரகர் அதை மாதச் சம்பள உத்தியோகமாக்கி அங்கே சொல்லிவிட்டார். தம்பிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சட்டைகூட மாற்றியிருக்கமாட்டான்.

கேசரித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தேன். பேச்சு மழை, ரோடு என்று எங்கெங்கோ போனது. யாராவது தம்பி பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் பெண்ணின் தாய்மாமன், மில்லில் தம்பிக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டார்.

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

“நான் வேலையில இல்லீங்க. நாலு ஏக்கர் கரும்பு போடுறேன்” என்றான்.

“அப்போ வெட்டியாத்தான் இருக்காரா?” தாய்மாமன் இதை அப்பாவிடம் கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வாத்தியார் புத்தி, விடுமா? வெட்டி என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு என்று ஆரம்பித்து, கல்வெட்டு, ஏரி, வாய்க்கால் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். உங்கள் தட்டில் இருக்கிற கேசரியின் இனிப்பு யார் உழைப்பு என்றும் கேட்டேன். அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா, கேசரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நானும் கரும்புதாம்மா போடுறேன். அதனாலதான் பொண்ணுக்கு வேணாம்னு பாக்குறோம்.”

அவர்கள் கிளம்பினார்கள். நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

தம்பிதான் எழுந்து அவரோடு கார் வரைக்கும் போனான். உங்க கரும்பு எந்த ரகம், வெட்டச் சொல்லி மில்லுலேருந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சா என்று விசாரித்தான். அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார். வெட்ட ஆள் கிடைக்காத கதையை இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். காருக்குள்ளிருந்து தாய்மாமன் நேரமாகிறது என்றார். பெண்ணின் அப்பா தம்பியின் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.